கண்மாய் பச்சையானால் எந்த வாமடையைப் பார்ப்பது? நெல்வயல் தண்ணீர்க் கேட்டுக்கு அறிகுறி பார்த்துக் கைவைத்தியம்

எங்கள் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீர் கெட்டுப்போனால் முதல் பழி மீன் குத்தகைக்காரர் மேல் விழும். அடுத்து ரோட்டோரக் கோழிக்கடை. மூன்றாவதாகத்தான் யாராவது வயலைப் பற்றிப் பேசுவார்கள், அதுவும் அடுத்த ஊர்க்காரன் வயலைப் பற்றி. கல்லலுக்கும் காரைக்குடிக்கும் நடுவே மூன்று ஏக்கரில் சம்பா போடுகிறவன் நான். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளின் முகவரி வயலின் கடைசி வாமடைதான். வரப்பில் தண்ணீர் வெளியேற வெட்டிவிடும் வாயைத்தான் வாமடை என்கிறோம். உரமோ மருந்தோ போட்டுவிட்டு அதை எப்போது திறந்தோம் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

செட்டிநாட்டுப் பூமியில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு எல்லாம் மழை பெய்தால் ஓடும், விட்டால் மணல். வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயில் பிடித்துத்தான் வெள்ளாமை. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு என்கிற உபரிநீர் வாய் வழியே மறுகால் போய் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகிறது. வயலில் வடியும் தண்ணீரும் பெரும்பாலும் அதே வரத்துக்காலில்தான் விழுகிறது. ஆகவே உங்கள் கண்மாயில் தெரியும் கேட்டுக்கு விதை மேல்ஊர் ஆயக்கட்டு வயல்களில் இருக்கலாம். உங்கள் வயல் செய்த கேடு கீழ்ஊர் ஊரணியில் போய்த் தெரியும். உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

முதல் வேலை: வந்த வழியே திரும்பி நடப்பது

எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டில் நாலைந்து, ஒரு நீளக் குச்சி, ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்குள் தண்ணீர் விழும் இடத்திலிருந்து வரத்துக்காலில் மேல்நோக்கி நடங்கள். இரண்டு கால்வாய்கள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டிலும் தனித்தனியே ஒரு பாட்டில் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். எது மோசமோ அந்தக் கிளையில் மேலே போங்கள். மூன்று நான்கு பிரிவு தாண்டினால் சந்தேகம் ஒரு பத்து வயலுக்குள் சுருங்கிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கண்மாயின் பழைய நீர்பாய்ச்சி. "கரையில நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி. தண்ணி வந்த தடத்துலயே போங்க, அதுவே காட்டிக்குடுத்துரும்" என்றார்.

நோட்டு எதற்கென்றால், கடைசியாக எப்போது மழை, எந்த வயலில் எப்போது உழவு, எப்போது உரம், எப்போது மருந்து என்று கேட்டு எழுத. கேட்கும் தோரணை முக்கியம். "நீ என்ன போட்டே?" என்று ஆரம்பித்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். "அண்ணே, மேலுரம் வச்சாச்சா?" என்று கேட்டால் மூட்டைக் கணக்கோடு சொல்லிவிடுவார்கள்.

அறிகுறி: மழை இல்லாத நாளில் தண்ணீர் செங்கலங்கலாக வருகிறது

முதல் மழைக்குக் கால்வாய் சிவந்து ஓடுவது செம்மண் பூமிக்கு இயல்பு, அதை விட்டுவிடலாம். வெயில் அடிக்கும் நாளில் கலங்கல் வந்தால்தான் விசாரிக்க வேண்டும். பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால், வரப்போ கால்வாய்க் கரையோ எங்கோ அரித்துக்கொண்டிருக்கிறது. போய் அடைத்தால் தீர்ந்தது. விடிந்த பிறகும் பால் குறைவாக ஊற்றிய டீ மாதிரியே நின்றால் அது களிமண் துகள், சேற்றுழவிலிருந்து வருவது.

வாடகை டிராக்டர் வருகிற அவசரத்தில் முழங்கால் தண்ணீர் கட்டி ரோட்டவேட்டர் ஓட்டுகிறோம். மறுநாள் நடவுக்குத் தண்ணீர் அதிகம் என்று வாமடையை அடிவரை வெட்டி விடுகிறோம். வயலின் நல்ல மண்ணெல்லாம் அதில் போகிறது. அடியுரமாக டி.ஏ.பி. உரம் போட்டிருந்தால் அதுவும் கூடவே போகிறது. அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) தண்ணீரில் தனியாகக் கரைந்து ஓடுவது குறைவு, மண் துகளைப் பிடித்துக்கொண்டுதான் பயணம் செய்யும்.

உழவின் கடைசிச் சாலில் வடிக்கவேண்டிய தண்ணீரே இல்லாத அளவுக்குக் கட்டிக்கொள்வதுதான் மருந்து. மீறி நின்றுவிட்டால் இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, வாமடையை மேலிருந்து விரற்கடை விரற்கடையாகத் தாழ்த்தி மேல்தண்ணீரை மட்டும் இறக்குங்கள். புழுதி விதைப்பு செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சிவகங்கைச் சீமைக்காரர்கள் மழைக்கு முன்னே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பதைச் சோம்பேறித்தனம் என்று காவிரிப் படுகைக்காரர்கள் கிண்டல் செய்வதுண்டு. தண்ணீர் சுத்தத்தைப் பொறுத்தவரை நம் வழக்கமே மேல். ஆனால் விதைக்கும்போதே யூரியாவைச் சேர்த்துப் போடாதீர்கள். லேசான ஈரம் பட்டதுமே காற்றோட்டமுள்ள மண்ணில் அது நைட்ரேட்டாக மாறி நிற்கும். மழை பெய்து வயல் மூழ்கியதும் பாதி கீழே இறங்கும், பாதி காற்றில் போகும். முளைத்து இருபது நாள் கழித்து ஈரத்தில் போடுவதே லாபம்.

குடிநீர் ஊரணிக்குள் கலங்கல் வந்துவிட்டால் வரத்து வாயை மூடி முதல் வெள்ளத்தைத் தாண்டிப் போகவிடுங்கள். பானையில் தேற்றாங்கொட்டை உரசுவது இன்றைக்கும் நல்ல வழிதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தேற்றும். கரைந்து வந்த யூரியாவையும் பூச்சிமருந்தையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அறிகுறி: தண்ணீர் பச்சையாகிவிட்டது

இதில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் நானே குற்றவாளி.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி. மூன்று ஏக்கருக்கும் சேர்த்து மூன்று மூட்டை யூரியா, மேலுரம், அதாவது வளரும் பயிருக்கு நடுவில் போடும் உரம். வயலில் நாலு விரல் தண்ணீர் நின்றது. அதன் மேலேயே வீசினேன், ஆள் கிடைத்த அன்றைக்கே வேலையை முடிக்க வேண்டுமே. அன்று ராத்திரி இடி மின்னலோடு கொட்டித் தீர்த்தது. விடிகாலையில் வரப்பு உடைந்துவிடுமோ என்று பயந்து நானே மண்வெட்டியால் வாமடையை அகல வெட்டினேன். பத்து நாள் கழித்துக் கீழே இருக்கிற ஊரணி பச்சை வார்னிஷ் அடித்தது போல ஆயிற்று. அங்கே தண்ணீர் எடுக்கும் அப்பத்தா முறையுள்ள கிழவி ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏப்பா, ஒன் பயிருக்கு வச்ச சோத்த எங்க ஊருணிக்கு ஊட்டிட்டியே" என்றாள். இதைவிடத் தெளிவாக எந்த வேளாண் அதிகாரியும் எனக்கு விளக்கியதில்லை.

கணக்குப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது ஏறக்குறைய 21 கிலோ. மூன்று மூட்டையில் 62 கிலோ. நிற்கும் தண்ணீரில் யூரியா விழுந்தால் சில நாளில் அமோனியாவாக மாறும். முதல் இரண்டு மூன்று நாளில் வயல் தண்ணீரில் அதன் அளவு உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்தில் இறங்கிவிடும். இந்த ஒரு வாரத்தில் வாமடையைத் திறப்பவன் உரக்கடையில் கொடுத்த பணத்தைக் கால்வாயில் விடுகிறான். திறக்காவிட்டாலும் சேதம் உண்டு. மத்தியான வெயிலில் வயல் பாசி தண்ணீரிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சும். தண்ணீரில் காரத்தன்மை ஏறும், அமோனியா காற்றில் பறக்கும். சூழ்நிலை மோசமாக இருந்தால் போட்டதில் பாதிவரைகூட இப்படிப் போகலாம்.

சரி, எப்படிப் போடுவது? மேலுரத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். வடிக்கவேண்டாம், தானாக வற்றட்டும். சேறு தெரியும் பதத்தில் யூரியாவை வீசி, மறுநாள் மெல்லியதாகத் தண்ணீர் விட்டால் உரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அன்றிலிருந்து 7 நாள் வாமடைக்குச் சீல் வைத்தது போல மண் அப்பி விடுங்கள். இதற்கு முன்னால் பார்க்கவேண்டியது வானம். இந்திய வானிலைத் துறையின் மேகதூத் செயலியில் நம் மாவட்டத்துக்கு ஐந்து நாள் கணிப்பு தமிழிலேயே வருகிறது. கனமழை என்று போட்டிருந்தால் மூட்டையைப் பிரிக்காதீர்கள். இரண்டு நாள் தாமதத்தால் பயிர் ஒன்றும் வாடிவிடாது.

அளவிலும் கை நீளம்தான் நமக்கு. மத்திய, நீண்ட கால ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 150:50:50 கிலோ. ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மொத்தமும் யூரியாவாகப் போட்டாலும் மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவுதான். டி.ஏ.பி. ஒரு மூட்டை போட்டிருந்தால் அதிலேயே 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதைக் கழிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தொழுவுரமோ கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ மடக்கி உழுதிருந்தால் இன்னும் குறைக்கலாம். கொழிஞ்சி நம் சரளை மண்ணுக்கென்றே பிறந்தது போல வளரும், ஆடு மாடும் அவ்வளவாகச் சீண்டாது.

கண் மதிப்பில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது, வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண் போட்ட அட்டை அது. நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்துக்குள், உங்கள் நிழலில் வைத்துப் பத்துக் குத்துகளில் முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பாதிக்கு மேல் 4-க்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா. வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அந்த எண் 3. அட்டைக்கும் மண் பரிசோதனைக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்டுப் பார்க்கலாம், நம் மாவட்டத்துக்கு அதுதான் பக்கம். கரும்பச்சை வயல் பார்க்க அழகுதான், ஊரே நின்று பாராட்டும். புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும்கூட அந்த அழகைப் பார்த்துத்தான் இறங்குகின்றன. அப்புறம் அதற்கு மருந்து, அந்த மருந்து மறுபடியும் கண்மாய்க்கு.

ஏற்கெனவே பச்சையாகிவிட்ட நீர்நிலைக்கு என்ன செய்வது? பெயின்ட் கொட்டியது போலப் பரவி, கரையோரம் நீலப்பச்சை ஆடை படிந்தால் அதில் சில வகை நச்சுப் பாசிகளாக இருக்கலாம். மாடுகளை இறக்காதீர்கள், குடிக்க எடுக்காதீர்கள். வெங்காயத்தாமரை என்றால் சத்து விடாமல் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அள்ளிக் கரையிலேயே குவித்தால் அழுகி, அடுத்த மழைக்கு அதே சத்து உள்ளே இறங்கும். தூர எடுத்துப்போய் மட்கவைத்து வயலுக்குக் கொடுங்கள். கோடையில் தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கிக் கரம்பை என்கிற கண்மாய் வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவதும் இதே கணக்குதான். நாம் இழந்த மணிச்சத்து கண்மாயின் உள்வாயில் வண்டலோடு படுத்திருக்கிறது. செம்மண்ணின் இரும்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். அடியில் காற்றில்லாமல் போனால் விட்டுவிடும், அதனால்தான் வரத்து நின்ற பிறகும் சில கண்மாய்கள் பச்சை மாறாமல் கிடக்கின்றன.

அறிகுறி: வாமடையை அடைத்தும் தண்ணீர் குறைகிறது

நண்டு வளை. முக்கால்வாசி அதுதான், மீதி எலி. வாமடையை அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், வரப்புக்கு அடியில் விரல் தடிமனில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது 40,000 லிட்டர். ஒரு வளை இரண்டு நாளில் எவ்வளவு கொண்டுபோகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிப்புறச் சரிவில் நடந்து ஈரத் திட்டு எங்கே என்று பாருங்கள். கால் வைத்தால் பொதக்கென்று இறங்கும். உள்பக்கம் அதற்கு நேரே வளை வாய் இருக்கும். வாயில் மட்டும் மண் அப்பினால் நண்டு மறுநாளே திறந்துவிடும். வளையின் போக்கில் வரப்பை வெட்டித் திறந்து, களிமண்ணை மிதித்து அடைக்க வேண்டும். உழவுக்கு முன் அண்டை வெட்டி (வரப்போரத்தைச் செதுக்கி), வரப்பின் உள்பக்கம் சேறு பூசுவதைத் தாத்தா காலத்தில் தவறாமல் செய்தார்கள். இப்போது கூலிக்குப் பயந்து விட்டுவிட்டோம்.

வரப்பு உயரத்தையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். நிற்கும் தண்ணீருக்கு மேலே பத்து சென்டிமீட்டர் வரப்பு மிச்சம் இருந்தால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர் மழையை வயலே தாங்கிக்கொள்ளும். வயலில் எப்போதும் தண்ணீர் தளும்ப நிறுத்துவதை விட்டுவிட்டால் இன்னும் இடம் கிடைக்கும். ஒரு அடி நீள பி.வி.சி. குழாயில் சுற்றிலும் ஓட்டை போட்டு, பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். நட்டு இரண்டு வாரம் கழித்து ஆரம்பிக்கலாம், கதிர் வரும் சமயத்தில் மட்டும் காயவிடக்கூடாது. இப்படிக் காயவைத்துப் பாய்ச்சும் வயலில் மழை விழுந்தால் முதலில் மண் குடிக்கும், அப்புறம்தான் வாமடைக்கு வரும்.

அறிகுறி: மீன் செத்து மிதக்கிறது

முதல் கேள்வி, எத்தனை மணிக்கு? இரண்டாவது, எது செத்தது?

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கி, பெரிய மீன்கள் முதலில் செத்தால், பிராணவாயுப் பற்றாக்குறை. பகலில் பாசி பிராணவாயு விடும், ராத்திரியில் அதே பாசி உறிஞ்சும். விடியும்போது தண்ணீரில் ஒன்றும் மிச்சம் இருக்காது. இது பச்சைத் தண்ணீர்க் கோளாறின் அடுத்த கட்டம், மேலே சொன்ன வைத்தியம்தான். மூன்று நான்கு நாள் மேகமூட்டம் என்றால் இன்னும் மோசம்.

பட்டப்பகலிலும் சாகிறது, குஞ்சு மீன், இறால், தவளை, நத்தை என்று எல்லாமே சுருண்டு கிடக்கிறது என்றால் பூச்சிமருந்து. கடந்த ஓரிரண்டு நாளில் மேலே தெளித்திருப்பார்கள் அல்லது மழை கழுவி வந்திருக்கும். பெயர் 'த்ரின்' என்று முடியும் மருந்தா என்று கேளுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் என்று வரும் குடும்பம். மனிதனுக்கு மற்றவற்றைவிட ஆபத்து குறைவு என்று கடையில் சொல்லித் தருவார்கள், மீனுக்கு அதைவிடக் கொடியது அதிகம் இல்லை. இன்னொரு விசேஷம், இவற்றை நெல்லில் தெளித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் சாகும், புகையான் திரும்ப இரட்டிப்பாக வரும்.

செத்த மீனை யாரும் எடுத்துச் சமைக்கவேண்டாம். சொல்லவேண்டியதில்லைதான், ஆனால் நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குச் செய்யவேண்டியது, மேல்வயல்களின் வாமடைகளை உடனே அடைப்பதும் கண்மாய்க்கு வரும் வாய்க்காலைத் திருப்பிவிடுவதும். குருணை மருந்து போட்ட வயலிலும் களைக்கொல்லி போட்ட வயலிலும் தண்ணீர் வெளியேறவே கூடாது. நம் ஊரில் களைக்கொல்லிக்கு இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டிவைத்தால் போதும் என்கிறார்கள். களை சாவதற்கு அது போதும். கால்வாய்க்குப் போதுமா? ஜப்பானில் 7 நாள் நிறுத்தச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ சமவெளியில் 1980களின் தொடக்கத்தில் நெல்வயல் வடிகாலில் கெண்டை மீன்கள் கூட்டமாகச் செத்தன. நகரத்துக் குடிநீரில் களைக்கொல்லிக் கசப்பு ஏறியது. அதன்பிறகு மருந்து போட்ட வயலில் பல வாரங்கள் தண்ணீரை அடைத்து வைக்கவேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள். ஆற்றில் மருந்தின் அளவு மளமளவென்று இறங்கியது. மருந்தைத் தடை செய்து நடந்த காரியம் இல்லை இது, வாமடையை அடைத்தே நடந்தது.

தெளிப்பதையே குறைக்க வழி இருக்கிறதா என்றால், நிறையவே. நட்ட முதல் 40 நாளில் இலையைத் தின்னும் பூச்சிக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம், பயிர் துளிர்த்து ஈடுகட்டிவிடும். வியட்நாமில் மேகாங் படுகை விவசாயிகளிடம் 1990களில் இதை வானொலி நாடகமாகவே பரப்பினார்கள். தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இலைச்சுருட்டு என்றால் பத்தில் ஒரு இலைக்கு மேல் சேதம் வந்த பிறகு யோசியுங்கள். புகையான் என்றால் தூருக்கு ஒன்று, சிலந்தி கண்ணில் பட்டால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஏக்கருக்குப் பத்து இருபது குச்சி நட்டுவைத்தால் கரிக்குருவி வந்து உட்கார்ந்துகொள்ளும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் நமக்கு எவ்வளவு தூரம்? அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் உங்கள் வயலில்தான் நத்தையும் தவளையும் பொறுக்குகின்றன. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் இருக்கும் சீமையில், குருணை மருந்தால் பறவை செத்தது என்று வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அறிகுறி: ஊரணிப் படியருகே மட்டும் நுரை, மருந்து வாடை

மேலே நடக்கவேண்டாம். யாரோ தெளிப்பான் டேங்கைப் படித்துறையில் கழுவியிருக்கிறார்கள். மருந்துப் புட்டியை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றிக் கலந்து, வயலிலேயே அடித்து முடிக்க வேண்டும். டேங்கைக் கழுவிய தண்ணீரும் அந்த வயலுக்குள்ளேதான். புட்டியை ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் பாத்திரமாகிவிடும்.

அறிகுறி: தண்ணீரின் மேல் எண்ணெய் மினுக்கு

குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடி உடைவது போலத் துண்டு துண்டாகப் பிரிந்து ஒட்டாமல் நின்றால் இரும்புப் பாக்டீரியா. செம்மண்ணில் தண்ணீர் நின்றால் வருவதுதான், துருநிறக் கசடும் கூடவே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் டீசல் அல்லது ஆயில். மோட்டார் எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: கறுத்த தண்ணீர், அழுகின முட்டை வாடை

வயலில் காலை வைத்தால் குமிழ் குமிழாகக் கிளம்பும். நாற்றைப் பிடுங்கினால் வேர் கறுத்திருக்கும். பச்சை உரமோ வைக்கோலோ மடக்கி உழுது, மட்க நேரம் கொடுக்காமல் நட்டிருக்கிறோம். இந்தத் தண்ணீரை அப்படியே திறந்துவிட்டால் கீழே கண்மாயில் பிராணவாயுவை எல்லாம் அது தின்றுவிடும். மீன் அத்தியாயம் மறுபடி ஆரம்பம். திறக்காதீர்கள், பாய்ச்சுவதை நிறுத்தி மேலே மயிர்க்கோடு வெடிப்பு விழும்வரை தானாக வற்றவிடுங்கள். அடுத்த தடவை, பூக்கும் பருவத்திலேயே மடக்கி உழுது ஒரு வாரம் பத்து நாள் கழித்து நடலாம்.

அறிகுறி: ஒன்றும் தெரியவில்லை

நைட்ரேட்டுக்கு நிறம், வாடை, ருசி எதுவும் கிடையாது. போர் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் உச்சம். அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் தீராது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். நம் சரளை மண் சல்லடை போன்றது, மேலே போட்டது சீக்கிரம் கீழே இறங்கிவிடும். வயலுக்கு நடுவே குடிநீர்க் கிணறு இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறையாவது, மழைக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும், பரிசோதனைக்குக் கொடுங்கள். கிணற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அடிக்காவது உரம் விழவேண்டாம். மாட்டுக் கொட்டகையும் கழிவறைக் குழியும் பக்கத்தில் இருந்தால் நைட்ரேட் அங்கிருந்தும் வரும், வயலை மட்டும் திட்ட முடியாது.

எல்லாம் சரிசெய்தும் போகவில்லை என்றால்

வயல் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நெல் அவித்த ஆலையின் ஊறல் தண்ணீர் மஞ்சளும் பழுப்புமாக, புளித்த கஞ்சி வாடையோடு வரும். உழவு, உரம், மருந்து எதற்கும் சம்பந்தமில்லாமல் வருடம் முழுக்க வரும். சாக்கடை என்றால் சாம்பல் நிறம், சோப்பு நுரை, காலையிலும் சாயங்காலத்திலும் அதிகம். நெல்வயல் கேடு எப்போதும் பருவத்தோடு வரும். புரட்டாசியிலிருந்து தை வரை தலைகாட்டிவிட்டுக் கோடையில் அடங்கும். நோட்டில் எழுதிய தேதிகள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

புகார் கொடுக்கப் போவதாக இருந்தால் ஒரே பாட்டிலோடு போகாதீர்கள். சந்தேகப்படும் வாய்க்கால் சேரும் இடத்துக்கு ஐம்பது அடி மேலே ஒன்று, ஐம்பது அடி கீழே ஒன்று. பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, மேலாடை கலக்காமல் முழங்கை ஆழத்தில் முக்கி, வாய்வரை நிரப்பி மூடுங்கள். இடம், தேதி, மணி, கடைசி மழை பெய்து எத்தனை நாள் என்று எழுதி ஒட்டுங்கள். நிழலில், முடிந்தால் ஐஸ் வைத்து, அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி வந்தால் இன்னும் கொஞ்சம் மேலே நடக்கவேண்டியிருக்கிறது.